கண் ஏட்டில், கை விசையில்: தமிழாய்வாளரும் தட்டச்சுப் பயிற்சியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வாளர் பலர் இன்று தம் ஆய்வேட்டைத் தாமே தட்டச்சு செய்கின்றனர். அவருள் பெரும்பாலோர் எவரிடமும் பயிலாமல், விசைகளைப் பார்த்துச் சில விரல்களால் அடித்துப் பழகியவர்கள். இவர்கள் விசைகளைப் பாராது தட்டச்சிடும் முறையை இனிக் கற்க வேண்டுமா என்பதே இக்கருத்துரை எடுத்துக்கொண்ட வினா. வேகத்தை முன்னிறுத்தினால் இதற்கு உறுதியான விடை கிடைக்காது. மூலபாடத்தைப் பிழையின்றிப் படியெடுத்தல் தமிழாய்வின் அடிப்படைப் பணி என்பதை முன்னிறுத்தினால் கற்க வேண்டும் என்னும் விடை கிடைக்கும் என்பது இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தட்டச்சு, படியெடுத்தல், மூலபாடம், கண்தாவல், தமிழ்99, ஒருங்குறி

முன்னுரை

முனைவர்பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைக்கு எழுதப்படாத ஒரு வரிசைமுறை உண்டு. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், பெற்றோர், நண்பர் என வரும் அவ்வரிசையின் கடைசியில், ஏட்டைத் தட்டச்சு செய்து தந்தவருக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கும். மடிக்கணினி மாணவர் கைக்கு வந்த பிறகு அவ்வரிக்கான தேவை குறைந்துவருகிறது. எழுதுகின்றவரே தட்டச்சரும் ஆகிவிட்டார்.

பணி கைமாறியது, பயிற்சி கைமாறவில்லை. முன்பு ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் பெரும்பாலும் தட்டச்சுப் பயிலகத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து பயின்றவர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலையோ முதுநிலையோ தேறியவர். இன்று அப்பணியை ஏற்றிருக்கும் ஆய்வாளரோ கைப்பேசியில் கட்டைவிரலாலும் கணினியில் இரண்டு, மூன்று விரல்களாலும் தாமே பழகிக்கொண்டவர். ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் கண் விசைப்பலகைக்கு இறங்கித் திரைக்கு ஏறுகிறது. முந்நூறு பக்க ஆய்வேட்டை அவர் முடித்தும் விடுகிறார். ஆகவே, முடிகின்ற காரியத்திற்கு இனிமேல் ஒரு பயிற்சி எதற்கு என்னும் வினா நியாயமானதே.

விசைகளை நோக்காமல், ஒவ்வொரு விசைக்கும் உரிய விரலால் அதன் இடமறிந்து அடிக்கும் முறையை இக்கட்டுரை 'பாராத் தட்டச்சு' எனக் குறிக்கிறது. தாமாகக் கற்ற தமிழாய்வாளர் இதனைக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பொருந்தாது. பொருந்தும் காரணம் நம் துறைக்குள்ளேயே இருக்கிறது.

வேகம் என்னும் வாதம்

தட்டச்சுப் பயிற்சியைப் பரிந்துரைப்போர் முதலில் சொல்வது வேகம். இவ்வாதம் தோன்றும் அளவிற்கு வலுவானதன்று. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் 30 பேரின் விரலசைவுகளையும் பார்வையையும் கருவிகளால் பதிவுசெய்து ஒப்பிட்டனர். முறையாகப் பயின்றவர்க்கு நிகரான வேகத்தைத் தாமாகக் கற்றவர்களும் எட்டக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. எத்தனை விரல்கள் பயன்படுகின்றன என்பதைவிட, ஒரு விசையை எப்போதும் ஒரே விரலால் அடித்தல், கையை வீணே அலைக்காதிருத்தல், அடுத்த விசைக்கு விரலை முன்னதாகவே கொண்டுசெல்லுதல் ஆகியவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்றும் அவர்கள் காட்டினர். அப்பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் இணைந்து 2018இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, 1,68,000 பேரிடமிருந்து இணையவழித் திரட்டிய 13 கோடியே 60 லட்சம் விசையடிப்புகளை ஆராய்ந்தது. அதிலும் பயிற்சி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வேகத்திலோ பிழையிலோ பெரிய இடைவெளி காணப்படவில்லை.

இம்முடிவுகளைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. இரண்டு விரலால் அடிப்பவர் அனைவரும் நேரத்தை வீணாக்குகின்றனர் என்னும் பொதுக்கூற்று இவற்றின் முன் நிற்காது. ஆயினும், இவ்வாய்வுகள் எதனை அளந்தன என்பதை நோக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றோர்க்குச் சிறு சிறு வாக்கியங்கள் காட்டப்பட்டன. அவர்கள் ஒன்றைப் படித்து மனத்தில் கொண்டு, பிறகு அடித்தனர். மனத்தில் அடங்கும் வாக்கியத்தை அடிப்பவர் விசையைப் பார்த்தாலும் இழப்பில்லை. அவர் பார்க்க வேண்டிய வேறு பொருள் எதுவும் எதிரே இல்லை. 2016ஆம் ஆண்டு ஆய்வு கண்ட மற்றொரு வேறுபாடும் இங்கு நினைக்கத்தக்கது. தாமாகக் கற்றவர்கள் விசைப்பலகையை நோக்கிச் செலவிட்ட நேரம் முறையாகக் கற்றவர்களைவிட மிகுதி. அதாவது, இருவகையினரும் வேகத்தில் ஒத்திருக்கலாம். கண் எங்கே இருக்கிறது என்பதில் ஒத்திருக்கவில்லை. தமிழாய்வாளரைப் பொறுத்தவரை வினாவின் மையம் இதுவே.

இயற்றுதலும் படியெடுத்தலும்

தட்டச்சு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இருவேறு செயல்கள். ஒன்று, தாம் நினைப்பதை எழுதிச்செல்லுதல். மற்றொன்று, எதிரே இருக்கும் பனுவலைப் பார்த்துப் படியெடுத்தல். முன்னதில் வாக்கியம் உள்ளத்தில் உருவாகிறது. கை அதற்காகக் காத்திருக்கும் நேரமே மிகுதி. அங்கே இரண்டு விரலும் போதும். பின்னதில் வாக்கியம் வெளியே, பிறருடையதாக, மாற்றத்தகாததாக இருக்கிறது. கண் அதைவிட்டு நீங்கும் ஒவ்வொரு முறையும் திரும்பச் சரியான இடத்திற்கு வர வேண்டும்.

பாராத் தட்டச்சின் வரலாறே இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது. 1888ஆம் ஆண்டு சூலை 25இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த புகழ்பெற்ற தட்டச்சுப் போட்டியில் பிராங்க் மெக்கரின் என்பவர் லூயி டிராப் என்பவரை வென்றார். விசைகளின் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, அவற்றைப் பாராமல் அடித்தது மெக்கரினின் முறை. சொல்லக் கேட்டு எழுதுதல், பார்த்து எழுதுதல் என இருவகைச் சோதனையும் அப்போட்டியில் இருந்தன. மெக்கரின் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். தம் சுருக்கெழுத்துக் குறிப்பேட்டிலிருந்து கண்ணெடுக்காமல் அதனை விரித்தெழுத வேண்டிய தொழில் அவருடையது. பிறர் கூற்றைச் சிதைவின்றிப் பெயர்த்தெழுதும் தேவைக்கு இம்முறை அவ்வளவு நன்றாகப் பொருந்தியது.

தமிழாய்வாளரின் தொழில் எவ்வகைப்பட்டது? நம் ஆய்வேடுகளின் உடலில் கணிசமான பகுதி மேற்கோள். பாடலடிகள், நூற்பாக்கள், உரைப்பகுதிகள், கல்வெட்டு வாசகங்கள், நாட்டார் வழக்காற்றுப் பதிவுகள், நாவல் பகுதிகள் என ஒவ்வொன்றும் அச்சுநூலிலிருந்தோ சுவடியிலிருந்தோ ஒலிப்பதிவிலிருந்தோ படியெடுக்கப்படுவது. சுவடிப் பதிப்பையோ பாடவேறுபாட்டையோ ஆய்வுப்பொருளாகக் கொண்டவர்க்குப் படியெடுத்தலே ஆய்வின் முதற்பாதி. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். அவற்றுள் பல, தன்னார்வலர் அச்சுநூலைப் பார்த்துத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் தந்தவை. நாம் தேடிக் கண்டெடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு படியெடுப்பவரின் கண்ணும் கையும் உள்ளன.

கண்தாவல்

ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தோர் இழைத்த பிழைகளை வகைப்படுத்தி ஆராய்வது மூலபாடத் திறனாய்வின் பாடம். ஏட்டைக் கெடுத்தவன் எழுதினவன் என்னும் கருத்துடைய பழமொழியே நம்மிடம் வழங்குகிறது. அப்பிழைகளுள் ஒன்று கண்தாவல். படியெடுப்பவர் ஓரடியை எழுதிவிட்டு மூல ஏட்டிற்குக் கண்ணை மீட்கும்போது, தாம் விட்ட சொல்லிலேயே முடியும் வேறோரடிக்குக் கண் சென்றுவிடும். இடைப்பட்ட அடிகள் விடுபடும். அல்லது எழுதியதே மீண்டும் எழுதப்படும். இப்பிழை நேர்வது அறியாமையால் அன்று. கண் இருவேறு இடங்களுக்கிடையே ஓயாது பயணம் செய்வதால்.

இரண்டு விரலால் விசையைப் பார்த்து அடிப்பவர்க்கு இப்பயணம் மேலும் கடினமாகிறது. சுவடி எழுதியவரின் கண்ணுக்கு மூல ஏடு, எழுதும் ஏடு என இரண்டே நிலையங்கள். இவர்க்கோ நூல், விசைப்பலகை, திரை என மூன்று. நச்சினார்க்கினியர், சேனாவரையர் உரைப்பகுதி ஒன்றைப் படியெடுப்பதாகக் கொள்வோம். 'என்றவாறு', 'என்பது', 'எனவும்' போன்ற தொடர்ச்சொற்கள் பக்கத்தில் பலமுறை வருவன. விசைப்பலகையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து நூலுக்கும் மீளும் கண் எந்த 'என்றவாறு' என்பதில் இறங்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரு வாக்கியம் விடுபட்டாலும் எஞ்சிய பகுதி இலக்கணப் பிழையின்றி நிற்கக்கூடும்; மெய்ப்புப் பார்ப்பவரும் மூலத்தோடு ஒப்புநோக்கினாலன்றி அதனை அறியார். அடியளவு ஒத்து, ஒரே சீரில் தொடங்கும் அடுக்குகளைக் கொண்ட செய்யுட்களிலும் இடர் இதுவே.

விசையைப் பாராதவர் கண்ணை நூலிலேயே நிறுத்துகிறார். ஓரடியின் ஈற்றிலோ பகுதியின் ஈற்றிலோ மட்டும் திரையை நோக்குகிறார். கண்தாவலுக்கான வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒருமுறை என்றிருந்தது ஓரடிக்கு ஒருமுறை என்றாகிறது. பார்வை மாற்றுத்திறனாளியரான ஆய்வாளர்கள் திரைபடிப்பானின் துணையோடு விசைகளைப் பாராமலே தட்டச்சிட்டு ஆய்வேடு அளித்துவருவதை நம் துறைகள் அறியும். விசையைப் பார்ப்பது தட்டச்சுக்கு இன்றியமையாதது அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எவ்விசைப்பலகை?

பாராது அடிக்கக் கற்பது என்று முடிவுசெய்தபின், எதனைக் கற்பது என்னும் வினா எழுகிறது. தாமாகக் கற்றவருள் பலர் உரோமன் எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறையில் பழகியிருக்கின்றனர். 'வந்தான்' என்னும் சொல்லை அவர்கள் வி, ஏ, என், டி, எச், ஏ, ஏ, என் என எட்டு விசைகளில் அடிக்கின்றனர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் அதே சொல்லுக்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என ஆறு விசைகள் போதும். இரண்டு விசை மிச்சம் என்பது சிறு செய்தி. அவ்விரண்டு எப்படி மிஞ்சின என்பதே தமிழ் கற்றவர் கருத்தில் கொள்ளத்தக்கது.

தமிழ்99இல் மெய்க்குரிய விசையை அடித்தால் அகரம் ஏறிய உயிர்மெய் தோன்றும். மெய்கள் அகரத்தோடு இயங்கும் என்னும் தொல்காப்பியக் கொள்கையை விரல் அங்கே செயலாகக் காண்கிறது. அதன்மேல் வேறு உயிரை அடித்தால் அவ்வுயிர் ஏறும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. நகரத்தை அடுத்துத் தகரம் அடித்தவுடன் 'ந்த' என்றாகிறது. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தை அடித்துப் பிரித்துக்கொள்ளலாம்; 'மமதை' என்பதை அவ்வாறு அடிக்க வேண்டும். உயிர்கள் பன்னிரண்டும் இடக்கையிலும், மெய்களுள் வகர ஙகரம் நீங்கலான பதினாறும் வலக்கையிலும் அமைந்தமையால் உயிர்மெய்யைத் தோற்றுவிக்கையில் இருகைகளும் பெரும்பாலும் மாறி மாறி இயங்குகின்றன. புள்ளியும் ஆய்தமும் ஒரே விசையில் அமைந்திருப்பதும் ஆய்தத்தை முப்பாற்புள்ளி என அறிந்தவர்க்கு வியப்பூட்டாது. மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் கற்ற ஒருவர் இவ்விசைப்பலகையின் விதிகளைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இடங்களை மட்டும் விரலுக்குப் பழக்கினால் போதும்.

உரோமன் வழியிலோ லகர ளகரமும், னகர ணகரமும், ரகர றகரமும் பல மென்பொருள்களில் ஒரே விசையின் இரு நிலைகள். மேல்நிலை விசையை அழுத்தத் தவறினால் 'வளி' என்பது 'வலி' ஆகும். 'மணம்' என்பது 'மனம்' ஆகும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால் பிழைதிருத்தி வாய் திறவாது. தமிழ்99இல் இவை ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. கை அவற்றை வேறு வேறு எழுத்தாகவே அறிகிறது. சொல்லை ஊகித்துத் தரும் உள்ளீட்டு முறைகளில் மற்றோர் இடர் உண்டு. அவை இன்றைய வழக்குச் சொற்களையே முதலில் நீட்டும். 'தழீஇ' போன்ற அளபெடைச் சொல்லையும் அருஞ்சொல்லையும் பழக்கமான வேறொரு சொல்லாகத் திருத்திவிடவும் கூடும். விசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அம்மாற்றம் நிகழும் கணத்தில் திரையைப் பார்ப்பதில்லை.

எழுத்தை அதன் இயல்பறிந்து அடிப்பதற்கும் வடிவத்தை மட்டும் பார்த்து அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு தேடுபொறிக் காலத்தில் பெரிதாகிறது. பழைய சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால் எழுந்த பாடவேறுபாடுகளை நாம் அறிவோம். அதே மயக்கம் இன்று வேறு உருவில் மீண்டிருக்கிறது. பழைய எழுத்துருக்களில் 'ர்' என்பதனைக் கால் குறியின்மேல் புள்ளியிட்டு 'ா்' என அமைக்கும் வழக்கம் இருந்தது. ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பனுவல்களிலும் அது தொடர்கிறது. 'அவர்' என்பதும் 'அவா்' என்பதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றது அகப்படாது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்தடித்து 'ஒளவையார்' என எழுதுவதும் இத்தகையதே. சொல்லடைவும் தொடரடைவும் கணினியால் உருவாக்கப்படும் இக்காலத்தில் இப்பிழைகள் எண்ணிக்கையைப் பொய்யாக்கும். எண்ணிக்கையின்மேல் கட்டிய முடிபையும் பொய்யாக்கும். தமிழ்99இன் இயல்பான விசையடிப்பில் கால் குறி தனித்து வருவதில்லை. ஔகாரத்திற்குத் தனி விசையும் உண்டு. ஆகவே இவ்விரு பிழைகளுக்கும் அங்கே இடம் அரிது.

ஒரு வரையறையை இங்குச் சொல்ல வேண்டும். பயிலகத்தில் தட்டச்சுப்பொறியின் விசைமுறையைப் பயின்று அதனைக் கணினியிலும் பாராது அடிப்பவர் பலர் உள்ளனர். இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகையில் கைதேர்ந்தோரும் உள்ளனர். இவர்கள் கண் ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. மேற்சொன்ன குறியீட்டுப் பிழைகளில் மட்டும் விழிப்போடிருந்தால் போதும். பழகிய கையை மாற்ற வேண்டும் என்று கோருவதற்கு நியாயமில்லை. இக்கட்டுரையின் பரிந்துரை தாமாகக் கற்றவர்க்கே உரியது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், ஒலியை எழுத்தாக்கும் மென்பொருளும் எழுத்துணரி மென்பொருளும் வந்துவிட்ட பிறகு கையால் தட்டச்சிடுவதே தேவையற்றது என்பது. இவை பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. பயன்படுத்தத்தக்கன என்பதிலும் ஐயமில்லை. ஆயின், அவை தருவது வரைவு. சந்தி பிரிக்கப்படாத செய்யுளையும், அருஞ்சொல்லையும், தேய்ந்த அச்சையும், வட்டார வழக்கையும் அவை எவ்வளவு சரியாக வாங்கியுள்ளன என்பதை மூலத்தோடு ஒப்புநோக்கியே அறிய வேண்டும். ஒப்புநோக்கித் திருத்துவது கண் மூலத்தில் நிற்க, கை விசையில் இயங்க வேண்டிய பணியே. கருவி பெருகப் பெருக, திருத்த வேண்டிய பனுவலின் அளவும் பெருகுகிறது.

இரண்டாவது, காலம். பழகிய வேகம் பயிற்சியின் தொடக்கத்தில் குறையும் என்பது உண்மை. உதவித்தொகைக்கும் ஆய்வேடு அளிக்கும் இறுதிநாளுக்கும் இடையே நெருக்குண்டு நிற்கும் ஆய்வாளரிடம், இன்னும் சில வாரம் மெதுவாக அடியுங்கள் என்று சொல்வது எளிதன்று. எனவே, ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருப்பவர்க்கு இதனைப் பரிந்துரைப்பது பொருந்தாது. பதிவுசெய்த முதலாண்டு, நூல்களைத் தொகுத்தும் குறிப்பெடுத்தும் வரும் காலம், இதற்குரிய பருவம். நாளும் அரைமணி நேரம், அன்றன்று எடுக்க வேண்டிய மேற்கோள் குறிப்புகளையே பயிற்சிப் பாடமாகக் கொண்டு அடித்தால் பயிற்சியும் ஆய்வும் ஒருங்கே நடக்கும்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லப்படாத எதிர்வாதம். தட்டச்சு எழுத்தர் வேலை, ஆய்வாளர் சிந்திப்பவர், விரலைப் பழக்குவது அவர் தகுதிக்குரியதன்று என்பது அது. நன்றியுரையின் கடைசி வரியில் தட்டச்சரை நிறுத்திய மனநிலையும் இதுவே. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால், ஏடுகளை ஒப்புநோக்கியும் பெயர்த்தெழுதியும் கழிந்த ஆண்டுகள் இருந்தன. அவ்வுழைப்பைப் புலமைக்கு வெளியே வைத்து எவரும் எண்ணுவதில்லை. ஓலையும் தாளும் விசையாக மாறியதனாலேயே பெயர்த்தெழுதுதல் தாழ்ந்த தொழிலாகிவிடாது.

இம்மனநிலைக்கு ஒரு பொருளியல் விளைவும் உண்டு. தட்டச்சு தெரியாத ஆய்வாளர் கணினி மையத்தை நாடுகிறார். பக்கத்திற்கு இவ்வளவு எனக் கட்டணம்; திருத்தத்திற்கு மீண்டும் கட்டணம். மூன்றாம் திருத்தத்திற்குப் பணமில்லாதவர் கண்ட பிழையையும் விட்டுவிட நேர்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரையே இச்செலவு கடுமையாகத் தாக்கும். சங்கப் பாடலை அறியாத ஒருவர், பகலெல்லாம் திருமண அழைப்பிதழும் விண்ணப்பமும் அடித்த களைப்பில், புறநானூற்று மேற்கோளை அடிக்கிறார். அதில் பிழை நேர்ந்தால் அவரைக் குறைசொல்ல இயலாது. ஆனால் வாய்மொழித் தேர்வில் அதற்கு விடைசொல்ல வேண்டியவர் ஆய்வாளர். தம் ஏட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியவர், ஒவ்வோர் எழுத்தையும் தாமே இட வல்லவராக இருப்பது நல்லது.

செய்யத்தக்கன

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு முனைவர்பட்ட நெறிமுறைகள், ஆய்வு முறையியல் பாடத்தில் கணினிப் பயன்பாட்டையும் உள்ளடக்க இடம் தந்தன. தமிழ்த்துறைகளில் அவ்விடம் பெரும்பாலும் மென்பொருள்களின் பெயர்களைப் பட்டியலிடுவதோடு நிறைவுபெறுகிறது. அதில் ஒரு பகுதியைப் பாராத் தட்டச்சுக்கும், ஒருங்குறியில் தமிழெழுத்து அமையும் முறைக்கும் ஒதுக்கலாம். இதற்குப் புதிய நிதியோ கருவியோ தேவையில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற விலையில்லா மென்பொருள்களில் தமிழ்99 கிடைக்கிறது. விண்டோஸ் இயங்குதளத்தின் அண்மைப் பதிப்புகளிலும் அது உள்ளிணைந்தே வருகிறது. விசைகளின்மேல் தமிழெழுத்து ஒட்டிய பலகை வேண்டும் என்று கருதுவோர் உண்டு. பாராது அடிக்கக் கற்பவர்க்கு ஒட்டப்படாத பலகையே நல்லது. பார்க்க ஒன்றுமில்லாதபோது கண் தானே ஏட்டிற்குத் திரும்பும். விசைவரைபடத்தைத் தாளில் எழுதிச் சில நாள் எதிரே வைத்துக்கொண்டால் போதும்.

இதனைத் தேர்வாகவும் சான்றிதழாகவும் ஆக்கிவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த வேண்டும். நிமிடத்திற்கு இத்தனை சொல் என்னும் அளவுகோல் அலுவலகத் தட்டச்சர்க்கு உரியது. ஆய்வாளர்க்குரிய அளவுகோல் வேறு. ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, படியெடுக்கச் செய்து, மாணவர் இருவர் இருவராக ஒருவர் படியை மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்க வேண்டும். எத்தனை இடத்தில் பாடம் மாறியது, ஏன் மாறியது என வகுப்பில் பேச வேண்டும். தட்டச்சுப் பயிற்சியும் மூலபாடத் திறனாய்வும் ஒரே வகுப்பில் நிகழும். சுவடி எழுதியோர் ஏன் பிழைத்தனர் என்பதைத் தம் விரலாலேயே உணர்ந்த மாணவர், பாடவேறுபாட்டுப் பட்டியலை இனி வேறு கண்ணோடு படிப்பார்.

உடல்நிலை காரணமாகப் பத்து விரலையும் பயன்படுத்த இயலாதவர்க்கும், நெடுங்காலப் பழக்கத்தால் தம் முறையிலேயே பிழையின்றி எழுதும் மூத்த அறிஞர்க்கும் இது கட்டாயமாக வேண்டியதில்லை. எத்தனை விரல் என்பது இரண்டாம்பட்சம். ஆறு விரலால் அடித்தாலும் விசையைப் பாராது அடிப்பவர் இக்கட்டுரை வேண்டுவதைப் பெற்றவரே.

முடிவுரை

தாமாகக் கற்ற தட்டச்சர் முறையாகக் கற்க வேண்டுமா என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் எழுதுவோர்க்கு, தம் கருத்தை மட்டும் எழுதுவோர்க்கு, அவர் கற்ற அளவே போதும் என்பதை ஆய்வுகளும் ஒருவாறு உறுதிசெய்கின்றன. பிறர் சொல்லைப் பிறர் சொல்லாகவே அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டிய பொறுப்புடையவர்க்கு அது போதாது. தமிழாய்வாளர் அப்பொறுப்பை ஏற்றவர். அவர் இன்று தட்டச்சிடும் மேற்கோளை நாளை மற்றொருவர் படியெடுப்பார்; அதனை ஒரு கணினி திரட்டும்; அத்திரட்டிலிருந்து வேறொருவர் முடிவு காண்பார். ஒருமுறை விடுபட்ட அடி அவ்வழி முழுவதும் விடுபட்டே செல்லும்.

ஓராண்டின் தொடக்கத்தில் சில வாரப் பயிற்சி என்பது, பல ஆண்டுகள் எழுதப்போகும் ஒருவர்க்குப் பெரிய விலையன்று. அப்பயிற்சியைத் தனி ஆய்வாளரின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல், ஏட்டைப் பிழையறப் படிக்கக் கற்பிக்கும் துறைகளே ஏட்டைப் பிழையறப் படியெடுக்கவும் கற்பிக்க வேண்டும்.